களத்துப் போர்வைகள்

யூனிஸ் தைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவன் யார் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஏரலுக்குக் கிழக்கே, ஆற்றுக் கால்வாய் பாய்கிற அந்த ஊரில் அறுப்புக் காலம் வந்துவிட்டால் ஆண்கள் வீட்டில் படுப்பதில்லை. ஊருக்கு வெளியே புறம்போக்கு மேட்டில் எல்லா வீட்டுக் களங்களும் அடுத்தடுத்து இருந்தன. அடித்த நெல் குவிந்து கிடக்கும். அதற்குக் காவலாக ஆண்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். மாசிப் பனி எலும்பில் இறங்கும் என்பதால் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மூடிக்கொள்வார்கள். காலையில் கஞ்சி கொண்டுபோகிற பெண்கள் முகத்தைத் தேடுவதில்லை. போர்வையைப் பார்த்தே எழுப்புவார்கள்.

"ஏ மஞ்சக்கட்டம், எந்திரியும். வெயிலு மூஞ்சில அடிக்கி."

"பச்சக்கரை எங்க போச்சு? ஆத்துக்கா?"

"ஆத்துக்குப் போயி ஒரு யுகமாச்சு. முதலை தூக்கிட்டுப் போச்சோ என்னமோ."

ஊர் முழுக்க இப்படித்தான் பேச்சு. 1910 மாசியில் இதே வழக்கத்தால் ஓர் ஆள் செத்தான்.

யூனிஸ் பிறந்தது திசையன்விளைப் பக்கம், தேரிக்காட்டில். தாய் இல்லாத பிள்ளை என்று தகப்பன் அவளை மிஷன் விடுதியில் கொண்டுபோய் விட்டான். அங்கே வருஷத்துக்கு ஒரு முறை சீமையிலிருந்து கப்பலில் ஒரு பெட்டி வரும். அதில் பூப்போட்ட சீட்டித் துணிகள் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கப்பட்டிருக்கும். யாரோ முகம் தெரியாத பெண்கள் அங்கே வெட்டி அனுப்புவார்கள். இங்கே பெண்பிள்ளைகள் ஒட்டுத்தையல் பழகுவார்கள். விடுதியை நடத்திய மிஸ்ஸியம்மாள் அவளுக்கு இரண்டு காரியம் கற்றுக்கொடுத்தாள். துண்டுகளை மடிப்புத் தெரியாமல் இணைப்பது ஒன்று. காயத்தைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவி, வெளுத்த துணியால் கட்டுவது இன்னொன்று. யூனிஸுக்கு இரண்டும் கைவந்தன. இரண்டிலும் அவள் மளமளவென்று வேலையை முடிப்பாள், பேச்சு இருக்காது.

பவுல்ராஜைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது தன் கையால் தைத்த ஒரு போர்வையைக் கொண்டுவந்தாள். நடுவில் பெரிய சிவப்புச் சதுரம், நாலு பக்கமும் அகலமான சிவப்புக் கரை, இடையில் பலவண்ணச் சீட்டித் துண்டுகள். சாயம் போகாத சீமைச் சிவப்பு அது. ஊரில் அப்படி ஒரு சிவப்பை யாரும் பார்த்ததில்லை. பவுல்ராஜ் அதைப் போர்த்திக்கொண்டு களத்தில் படுத்தால் சந்தனமாரி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் மாதிரி இருக்கிறான் என்று கேலி செய்தார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்கே அவள் போர்வை தைத்தாள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு, பெண் கொடுத்த வீட்டுக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு. விலைக்குத் தைத்ததில்லை. ஏரல் கடைத்தெருவில் தையல் கடை போட்டிருந்த நூர்முகம்மது தன் காலடியில் விழுகிற வெட்டுத் துண்டுகளை ஒரு சாக்கில் அவளுக்காகச் சேர்த்து வைப்பார். யாருக்குத் தைக்கிறாளோ அந்த வீட்டுப் பழந்துணியிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சேர்ப்பாள். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருந்ததில்லை. களத்தில் போர்வையை வைத்து ஆளை அடையாளம் சொல்லும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

அவளுக்கு அந்த ஊரில் நெருக்கமானவள் ஆவுடைத்தாய். கொம்பையாவின் பெண்டாட்டி. ஒரே படித்துறையில் துவைப்பவர்கள். ஆவுடைத்தாயின் தலைப்பிள்ளைக்கு யூனிஸ் சின்னதாக ஒரு போர்வை தைத்துக் கொடுத்தாள். கொம்பையா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு இல்லையா?" என்று கேட்டான். அவனுக்கும் ஒன்று தைத்தாள், நீலக் கட்டம் போட்டு.

பவுல்ராஜ் உழைப்பாளி. நிலத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. கைதான் அவனுக்குச் சொன்னபடி கேட்காது என்று அவன் தாய் லூசியம்மாள் சொல்வாள். கல்யாணம் ஆன வருஷமே யூனிஸின் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று. மீன்குழம்பில் புளி தூக்கல் என்று அடித்தான். அடி பட்ட இடத்துக்கு நொச்சியிலையை வதக்கி ஒத்தடம் கொடுத்துவிட்டு அவள் மறுபடி உலை வைப்பாள். அந்தத் தெருவில் அப்படி ஒத்தடம் கொடுத்துக்கொண்ட பெண் அவள் ஒருத்தி மட்டும் அல்ல.

1908-இல் ஆற்றில் தண்ணீர் குறைவு. மடை முறை வைத்துத் திறந்தார்கள். பவுல்ராஜின் முறையன்று விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மடை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் கொம்பையாவின் அண்ணன் பேச்சிமுத்து வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. இதில் சாமி வழக்கோ சாதி வழக்கோ இல்லை, வெறும் தண்ணீர் வழக்கு. பவுல்ராஜ் பேசிக்கொண்டிருக்கவில்லை. சேற்றில் நின்ற பேச்சிமுத்துவின் முழங்காலுக்குக் கீழே மண்வெட்டியைப் போட்டான். கணைக்காலெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

யூனிஸ் வெந்நீர்ச் செம்பும் வெளுத்த துணியுமாகப் பேச்சிமுத்து வீட்டுக்கு ஓடினாள். கொம்பையா வாசலில் நின்றான்.

"வெட்டுனது புருசன், கட்டுறது பொண்டாட்டியா? நல்லாருக்கே ஒங்க குடும்பம். போ அங்கிட்டு."

"காயத்துல சேறு கெடக்கு அண்ணாச்சி. கழுவாமக் கட்டுனா ஆளு தங்காது."

"எங்களுக்குக் கட்டத் தெரியும்."

சாணியை வைத்துக் கட்டினார்கள். ஒரு வாரம் கழித்துப் பேச்சிமுத்துவுக்கு வாய் திறக்க முடியாமல் போயிற்று. பல் இறுகிவிட்டது. கஞ்சியை ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. பிறகு உடம்பு முழுக்க வெட்டி இழுத்து, முதுகு வில்லாக வளைந்து, குதிகாலும் பின்னந்தலையும் மட்டும் தரையில் பட, கண் விழித்தபடி செத்தான். கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போட்டதாம். நினைவு மட்டும் கடைசிவரை இருந்தது. வாய்ப்பூட்டு நோய் அப்படித்தான் கொல்லும்.

பவுல்ராஜுக்குப் பாளையங்கோட்டைச் சிறையில் ஒரு வருஷம் கிடைத்தது. வெளியே வந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"நான் கால்லதான வெட்டுனேன். வாய்ப்பூட்டு வந்ததுக்கு நானா பொறுப்பு?" என்று ஏரல் சந்தையில் நாலு பேர் கேட்கச் சொன்னான். அந்த நாலு பேரில் கொம்பையாவும் இருந்தான். அவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

மாசி அறுப்பு தொடங்கிய சமயம், படித்துறையில் ஆவுடைத்தாய் துவைத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"ஏளா யூனிஸ், ஒன் வீட்டுக்காரரு களத்துல அந்தச் சிவப்பத்தான போத்திக்கிட்டுப் படுக்காரு?"

"அதான் ஊருக்கே தெரியுமே. எதுக்குக் கேக்க?"

ஆவுடைத்தாய் வேட்டியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள்.

"எங்க வீட்லயும் நேத்து இதத்தான் கேட்டாவ," என்றாள். பாதித் துணி துவைக்காமல் கிடக்க, எல்லாவற்றையும் ஈரத்தோடு அள்ளிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

யூனிஸ் வீட்டுக்கு நடந்தாள். நாக்கு தானாகப் போய் இல்லாத கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் உட்கார்ந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பை அவள் மறைத்துக்கொள்ளவுமில்லை, அதற்காக மார்பில் அடித்துக்கொள்ளவுமில்லை. வீட்டில் நடக்கப் பழகுகிற பெண்பிள்ளை ஒன்று இருந்தது. அதற்குத் தகப்பன் வேண்டும். நிலத்தை உழ ஆள் வேண்டும். பவுல்ராஜிடம் விஷயத்தைச் சொன்னால் அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு முதலில் போவான். சொல்லாமலே காரியத்தை முடிக்க வேண்டும்.

சிவப்புப் போர்வையைச் சுருட்டி மரப்பெட்டியின் அடியில் போட்டாள். பவுல்ராஜிடம் ஒரு கறுப்புக் கம்பளியைக் கொடுத்தாள்.

"சிவப்பு எங்க?"

"எலி கடிச்சிருக்கு. தச்சுத் தாரேன்."

"எலிய வளத்துக்கிட்டு வீட்ல என்ன செய்யுத?" என்று சொல்லிவிட்டு அவன் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

இரண்டொரு நாளில் யூனிஸின் தம்பி அருளப்பன் தேரிக்காட்டிலிருந்து வந்தான். களத்தில் கதிரை அடித்து நெல் உதிர்க்கிற சூடடிப்புக்கு உதவ அத்தான் கூப்பிட்டிருந்தார். ஒரு சிப்பம் கருப்பட்டியும் வாய் நிறையச் சிரிப்புமாக வந்து இறங்கினான். யூனிஸ் வீட்டில் இல்லை. ஏரலில் பவுல்ராஜின் சித்தி மகளுக்குப் பேறுகாலம். தாய்க்கும் பிள்ளைக்கும் துணையாக அங்கே போயிருந்தாள். கையோடு குழந்தைக்கான போர்வையும் கொண்டுபோயிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் விருந்தாளிக்குக் கறி குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள். படுக்கப் பழசைக் கொடுத்தால் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். லூசியம்மாள் வீட்டில் இருந்த பழம்போர்வைகளைப் புரட்டிப் பார்த்தாள். எதுவும் சரியாகப் படவில்லை. மரப்பெட்டியைத் திறந்தாள்.

"எலி கடிச்சதுன்னாளே, எங்கன கடிச்சிருக்கு? நல்லாத்தான இருக்கு," என்று விரித்துப் பார்த்துவிட்டு அருளப்பனிடம் நீட்டினாள். "இந்தா தம்பி. சம்பந்தி வீட்டுப் புள்ள, நாளைக்கு ஊருக்குப் போயி, கந்தையில படுக்கப் போட்டாவன்னு சொல்லப்படாது."

"இது அத்தானோட கல்யாணப் போர்வையில்லா?"

"இருக்கட்டும். ஒங்க அக்கா தச்சதுதான."

"அப்ப நான் மாப்பிள்ளை மாதிரி தூங்குதேன்," என்று சொல்லிக்கொண்டு அவன் களத்துக்குப் போனான்.

யூனிஸ் மறுநாள் காலையில் ஏரலிலிருந்து ஆற்றங்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது எதிரே வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் தடத்தை விட்டுக் களத்துக்கு நடந்தாள். பவுல்ராஜ்தான் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். களத்து மேட்டில் பவுல்ராஜ் நின்றுகொண்டிருந்தான், தோளில் கறுப்புக் கம்பளியுடன். அவன் காலடியில் சிவப்புப் போர்வை கிடந்தது.

போர்வையின் மேலேயே அருளப்பனை வெட்டியிருந்தார்கள். முதல் வெட்டு கழுத்தில் விழுந்து பாதிக்கு மேல் அறுத்திருந்தது. அதிலேயே உயிர் போயிருக்கும். மற்ற வெட்டுகள் தோளிலும் விலாவிலும். தப்பக்கூடாது என்று போட்டவை. போர்வைக்குள் வைத்துத் தைத்த பழந்துணி காயத்துக்குள் சிக்கி நூல் நூலாக வெளியே தெரிந்தது. அடியில் பரப்பியிருந்த வைக்கோல் ரத்தத்தை உறிஞ்சி இறுகியிருந்தது. யூனிஸ் குனிந்து அக்குளில் கையை வைத்தாள். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. தாடை இறுகத் தொடங்கியிருந்தது. தன் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினாள். விட்டால் வாய் திறந்தபடி விறைத்துப்போகும்.

பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "மூடிப் படுத்திருந்தோம். ஒண்ணுந் தெரியல."

களத்துக்கு ஓடிவந்திருந்த மாமியாரிடம் யூனிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யாரு எடுத்துக் குடுத்தா?"

"நாந்தான் குடுத்தேன். விருந்தாளி இல்லையா," என்றாள் லூசியம்மாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அடி ஒவ்வொன்றும் நிஜமான அடி. யூனிஸ் போய் அவள் இரண்டு கையையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

போலீஸ் கொம்பையாவைக் கட்டிக்கொண்டு போனது. அவன் அன்றைக்குத் திசையன்விளை மாட்டுச் சந்தையில் இருந்ததாகத் தரகர்கள் வந்து சத்தியம் செய்தார்கள். திருநெல்வேலிக் கோர்ட்டில் போர்வையை விரித்துக் காட்டி யூனிஸைக் கேட்டார்கள்.

"இதைத் தைத்தது யார்?"

"நான்தான்."

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

கூண்டுக்கு வெளியே நின்ற பவுல்ராஜ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். வெட்டு யாருக்காக விழுந்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் கோர்ட்டில் உரக்கக் கேட்டதும் அவன் முகம் வேறாகிவிட்டது. கேஸ் நிற்கவில்லை. கொம்பையா ஊருக்குத் திரும்பினான். போர்வையும் கொஞ்ச மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பழுப்பேறி, பலகை மாதிரி விறைத்திருந்தது.

யூனிஸ் அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது; சுட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, உவர்மண் போட்டு அலசி, கொல்லையில் காயப்போட்டாள். சீட்டித் துண்டுகளில் கறை நின்றது. சிவப்பில் தெரியவில்லை.

பவுல்ராஜ் பட்டறையிலிருந்து புது அரிவாள் ஒன்று கொண்டுவந்து உரலுக்குப் பின்னால் சாத்தி வைத்தான். கையும் முன்னைவிட நீண்டது. ஒரு தடவை யூனிஸின் காதில் விழுந்த அடியில் இரண்டு நாள் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக் கை கழுவியவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"கொம்பையாவுக்கு நீ ஒரு போர்வை தச்சுக் குடுத்தேல்லா. அது நீலமா, பச்சையா?"

யூனிஸ் தட்டை எடுத்தாள். பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அறுப்பில் களத்துக்கு ஒரு நடை நடந்தால் அவனுக்கே தெரிந்துவிடும்.

"நீலக் கட்டம்," என்றாள்.

"அறுப்பு வரட்டும்," என்றான் அவன்.

இவன் போய் வெட்டினால் இவனைத் தூக்கில் போடுவார்கள். அல்லது கொம்பையாவின் மக்கமார் வளர்ந்து வந்து வெட்டுவார்கள். அல்லது அருளப்பனைப் போல் வழியில் வந்த எவனாவது சாவான். எப்படி எண்ணிப் பார்த்தாலும் ஒரு பிணம் வந்தது. தண்ணீர் முறையை அவளால் மாற்ற முடியாது. பவுல்ராஜை மாற்ற முடியாது. அவளுடைய கைக்குள் இருந்தது போர்வை ஒன்றுதான்.

மறுநாள் ஏரலுக்குப் போனாள். நூர்முகம்மது கத்தரிக்கோலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வா தாயி. சாக்கு நெறஞ்சிருக்கு. இந்தத் தடவ யாரு வீட்ல விசேஷம்?"

"விசேஷம் இல்ல அண்ணாச்சி. எனக்குத் துண்டுத் துணி நெறைய வேணும். எல்லாம் ஒரே மாதிரி அமையணும்."

"ஒரே மாதிரியா? ஒன் வாயில இருந்து இதக் கேக்குததே புதுசு. பட்டாளத்துக்குத் தைக்கப் போறியா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க. எங்க ஊருக் களத்துல படுக்க ஆளு அத்தன பேருக்கும்."

 ஏரலில் எல்லாருக்கும் அருளப்பன் கதை தெரியும். கிடங்கிலிருந்து கருநீலக் காடாத் துணி ஒரு கட்டை இழுத்துப் போட்டார். அதே மாதிரிச் சீமைச் சிவப்பில் மிச்சமிருந்ததையும் எடுத்தார்.

"சிவப்பு எல்லாத்துக்கும் காணாதே, தாயி."

"மீதி எங்கிட்ட இருக்கு," என்றாள் யூனிஸ்.

அன்றைக்கே கொல்லையில் உட்கார்ந்து தன் கல்யாணப் போர்வையைப் பிரித்தாள். நடுச் சதுரம், நாலு கரை, எல்லாவற்றையும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினாள். பிறகு அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொம்பையா வீட்டின் பின்பக்கமாகப் போனாள். கொம்பையா வயலுக்குப் போயிருந்தான். ஆவுடைத்தாய் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அருளப்பன் செத்ததிலிருந்து இருவரும் பேசியதில்லை; படித்துறையில்கூட ஆளுக்கொரு மூலை.

"நீ என்கிட்ட கேட்டத இப்ப எங்க வீட்ல கேக்காவ," என்றாள் யூனிஸ்.

ஆவுடைத்தாய் கூடையைக் கீழே வைத்தாள். கையைக் கழுவவில்லை.

"நீ மாத்திருவன்னுதான் நான் கேட்டேன்."

"மாத்தத்தான் செஞ்சேன்."

"மாத்தாம இருந்திருந்தா ஒன் தம்பி இருந்திருப்பான்."

"ஆமா."

மாடு ஒன்று மூத்திரம் பெய்தது. இரண்டு பேரும் ஒதுங்கி நின்றார்கள்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுத?"

யூனிஸ் மூட்டையை அவிழ்த்தாள். "நடுவுல சிவப்பு. அதச் சுத்தி நீலக்காடா. அதுக்கு வெளிய பல துண்டும் கலந்து. ஒங்க களம், எங்க களம், மத்தவிய களம், எல்லாத்துக்கும் இதுதான். பக்கத்துல வந்து பாத்தா வித்தியாசம் தெரியும். பத்தடி தள்ளி நின்னா தெரியாது. அதுக்கு முன்ன ஒங்க நீலக்கட்டத்த எனக்குக் குடு."

"அவிய கேட்டா என்ன சொல்லுவேன்?"

"கிழிஞ்சு போச்சுன்னு சொல்லு. பொய்யா இருக்க வேண்டாம், நானே கிழிச்சுத் தாரேன்."

ஆவுடைத்தாய் ஒரு சிவப்புத் துண்டை எடுத்து விரலால் தடவினாள். நிறம் அவளுக்குத் தெரிந்த நிறம்.

"இது அதுதானா?"

"அதுதான். அலசிட்டேன். வேற சிவப்பு அவ்வளவு கெடைக்கல."

செத்தவன் துணி வீட்டுக்கு ஆகாது. வண்ணாத்திக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆற்றோடு விட வேண்டும். ஆவுடைத்தாய்க்கு அது தெரியாதா? துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"வேற யாருட்டயும் சொல்லாத," என்று சொல்லிவிட்டு, தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு ஊசியைக் கேட்டாள்.

ஐப்பசி மழை, கார்த்திகை மழை முழுக்க இரண்டு பேரும் அந்தத் தொழுவத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். ஆவுடைத்தாயின் தையல் கோணல். யூனிஸ் பாதியைப் பிரித்துத் தைக்கச் சொல்வாள். "ஏட்டி, இதுல படுக்கப் போறவன் தையல எண்ணிப் பாத்தா படுக்கப் போறான்?" என்று ஆவுடைத்தாய் வைவாள். ஊர்ப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஏன் எல்லாம் ஒன்றுபோல என்று முதலில் கேட்டவர்களும் பிறகு கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலும் களத்துக்குப் போகிற ஆண்கள் இருந்தார்கள். லூசியம்மாள் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாசியில் பவுல்ராஜ் கொம்பையாவைத் தேடிப் போனான்.

யூனிஸும் ஆவுடைத்தாயும் கஞ்சிப் பானையோடு களத்து மேட்டில் ஏறும்போதே கூச்சல் கேட்டது. அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. நடந்ததைப் பிறகு பல பேர் பல மாதிரி சொன்னார்கள். கதை ஒன்றுதான். பவுல்ராஜ் அரிவாளோடு கொம்பையாவின் களத்துக்குள் நுழைந்து பார்த்தால் வரிசை முழுக்க ஒரே போர்வை, ஒரே சிவப்பு. திகைத்து நின்றிருக்கிறான். பிறகு ஒரு போர்வையின் நுனியைத் தூக்கி முகத்தைப் பார்த்தான். கூலிக்கு வந்த ஓர் ஆள். இன்னொன்றைத் தூக்கினான், அதுவும் வேறு ஆள். படுத்திருந்த அந்த ஆள் கண்ணைத் திறந்து, மேலே அரிவாளைப் பார்த்து, "ஏலே, வெட்டுதான்லே" என்று அலறிவிட்டான். களம் முழுக்க எழுந்துவிட்டது.

கதிரடிக்கிற சூட்டுக் கம்புகளால் அவனை அடித்தார்கள். யூனிஸ் பார்க்கும்போது பவுல்ராஜ் குப்புறக் கிடந்தான். மூக்கிலும் வாயிலும் ரத்தம். வலது முன்கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் மடங்கியிருந்தது. கொம்பையா அவன் முதுகில் காலை வைத்து, பவுல்ராஜின் அரிவாளையே ஓங்கி நின்றான். யாரும் தடுக்கவில்லை.

ஆவுடைத்தாய் பானையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய்ப் புருசனுக்கு முன்னால் நின்றாள்.

"வெட்டுங்க. ஆனா இந்தத் தடவ யாரும் மூடிப் படுத்திருக்கல. இத்தன பேரும் முழிச்சு நின்னு பாக்காவ. யாரு என்ன பாத்தாவன்னு கோர்ட்ல கேப்பாவ."

கொம்பையா சுற்றிப் பார்த்தான். கையில் ஒரேபோல் போர்வையைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். போன வருஷம் ஒன்றும் தெரியாது என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். கொம்பையா அரிவாளைத் திருப்பிப் பிடித்தான். வெட்டுவாயை விட்டுப் பின்புறத்தால் பவுல்ராஜின் உடைந்த கையின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அரிவாளை வைக்கோல் போரில் வீசிவிட்டு ஆற்றுப் பக்கமாக நடந்து போனான்.

யூனிஸ் முழங்காலிட்டாள். முதலில் வாயில் விரலை விட்டு உடைந்த பல்லையும் ரத்தக் கட்டியையும் வழித்தெடுத்தாள், மூச்சு வந்தது. இரண்டு சூட்டுக் கம்புகளை ஒடிக்கச் சொல்லி, பக்கத்தில் கிடந்த போர்வையிலிருந்து நீலக்காடாவைக் கிழித்துக் கையைக் கம்போடு சேர்த்துக் கட்டினாள். பவுல்ராஜ் கத்தினான். அவள் கட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவனை இன்னொரு போர்வையில் கிடத்தி, அதன் நாலு முனையையும் பிடிக்கச் சொன்னாள்.

"யாரு தூக்க?" என்று ஒருவன் கேட்டான்.

"அடிச்சவிய தூக்குங்க," என்றாள்.

தூக்கினார்கள்.

பவுல்ராஜ் பங்குனி முழுக்கப் படுக்கையில் கிடந்தான். முன்கை கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. மணிக்கட்டு கூடவில்லை. விரல்கள் பாதி மடக்கியபடி நின்றுவிட்டன. மண்வெட்டியைப் பிடிக்கலாம், ஓங்க முடியாது. முஷ்டி மடக்க முடியாது. ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது கேட்டான்.

"நீதான எல்லாத்தயும் ஒண்ணுபோலத் தச்சது?"

"ஆமா."

"என்னய அடிவாங்க வச்சிட்ட."

"ஒம்மத் தூக்குல தொங்கவிடாம வச்சிருக்கேன். வாயத் தெறயும்."

அவன் இடது கையைத் தூக்கினான். யூனிஸ் கஞ்சிச் சிரட்டையைக் கீழே வைத்தாள். அந்தக் கையைப் பிடித்து, பாயில் அமுக்கி வைத்து, ஒரு நாழிகைபோல அங்கேயே பிடித்திருந்தாள்.

"இதுக்கும் கம்பு வச்சுக் கட்டணுமா?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு வாயைத் திறந்தான். அதற்குப் பிறகு அந்தக் கை அவள்மேல் எழவில்லை. அவளும் முன்போல மளமளவென்று வேலை பார்த்தாள். பிள்ளை பிறந்த வீடுகளுக்கு, கல்யாண வீடுகளுக்கு அவள் தைத்த போர்வைகள் பழையபடி ஒன்றைப் போல் ஒன்று இருக்கவில்லை; மஞ்சளும் பச்சையும் ரோஜா நிறமுமாக விதவிதமாக இருந்தன. களத்துக்குத் தைத்ததில் மட்டும் நடுவில் அதே சிவப்பு.

1913 மாசியில் ஒரு காலை அவள் கஞ்சியோடு களத்து மேட்டில் ஏறினாள். முன்னால் போன பெண் ஒருத்தி பழக்க தோஷத்தில், "ஏ சிவப்பு, எந்திரியும்," என்று கத்தினாள். நாலு பக்கமும் போர்வைகள் அசைந்தன. பெண்கள் சிரித்தார்கள். முன்போல் தூரத்திலிருந்து எழுப்ப முடியாது. ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, துணியை விலக்கி, முகத்தைப் பார்க்க வேண்டும். பவுல்ராஜ் எங்கே படுத்திருக்கிறான் என்று யூனிஸுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் இருந்த ஒன்றின் நுனியைத் தூக்கினாள்.

கொம்பையா. நரைத்த மீசை, கன்னத்தில் வைக்கோல். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவளுக்கு அருளப்பன் ஞாபகம் வந்தது; அது எப்போதும் வருகிறதுதான்.

"ஒங்க கஞ்சி பின்னால வருது," என்றாள். துணியை அவன் முகத்தின்மேல் போட்டுவிட்டு அடுத்த போர்வைக்குப் போனாள்.